பதினேழாவது நிமிடச் சிரிப்பு

“இந்தச் சிரிப்பு யாரோடது?” என்று கேட்டுவிட்டு, மேனேஜர் செல்போனை மேசைமேல் வைத்தார்.

போனில் ஒரு நகைச்சுவைக்காரர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். “எங்க ஆபீஸ் லீவு ஃபாரத்துல ஏழாவது கேள்வி. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி அனுமதி வாங்கினீங்களா?”

உடனே அரங்கிலிருந்து ஒரு சிரிப்பு. முதலில் ‘உஸ்ஸ்’ என்று நீளமாகக் காற்று, பிறகு வரிசையாக மூன்று விசில்.

தபால் பிரிவில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது அவளுடைய சிரிப்பு. ஆபீசில் அவளுக்குக் குக்கர் என்றே பெயர். அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்த செவ்வாய்க்கிழமை, தொண்டை வலி என்று அவள் லீவு போட்டிருந்தாள். வேலை நிரந்தரமாக இன்னும் பத்தே நாள். பொய் லீவு என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நல்லவேளை, மேனேஜர் முன்னால் இதுவரை ஒருவரும் சிரித்ததில்லை. அதனால் யார் எப்படிச் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது.

“பதினேழாவது நிமிஷம். அப்புறம் பத்தொம்போது, இருபத்திரெண்டு, முப்பது. ஒண்ணு விடல!” என்றார் மேனேஜர். “நம்ம ஆபீஸ் ஆள்தான். வெளியாளுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது? வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஆள் தெரிஞ்சாகணும்.”

பின்னால் பையோடு நின்ற அவருடைய டிரைவர் கூரையைப் பார்த்தார்.

மேனேஜர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பதிவு முழுக்க அவர்கள் ஆபீஸ்தான். பாத்ரூம் சாவியில் கட்டியிருக்கும் ஒரு முழ மரக்கட்டை, தண்ணீர் குடிக்கக் கையெழுத்து வாங்கும் நோட்டு, எதுவும் பாக்கியில்லை.

“ஏண்டி, நீதான் அந்த ஆள்கிட்டப் போய் எல்லாத்தையும் உளறினியா?” என்று பக்கத்து சீட் அக்கா கிசுகிசுத்தாள்.

“ஐயோ அக்கா, நான் சிரிச்சதோட சரி!”

மறுநாள் அவள் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, ‘வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்’ என்று எழுதிய சீட்டோடு வந்தாள். சிரிக்கச் சொன்னால் தப்பிக்கலாமே!

மேனேஜர் சீட்டைப் படித்தார். “எப்பலேருந்து?”

“போன செவ்வாய்க்கிழமையிலேருந்து சார்,” என்று கணீரென்று சொல்லிவிட்டாள்.

மேனேஜர் காலண்டரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் கணவன் பயிற்சி கொடுத்தான். “சிரிப்பு வந்தா சோகமா எதையாவது நினைச்சுக்கோ.”

“எதைங்க?”

“நம்ம கல்யாண போட்டோவை.”

அவ்வளவுதான், மூன்று விசிலும் வந்துவிட்டது. குளித்துக்கொண்டிருந்த மாமியார் ஈரத்தலையோடு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

“சரி விடு, தொடையைக் கிள்ளிக்கோ,” என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஒவ்வொருவராகத் தம் அறைக்குள் கூப்பிட்டு, ஒரு காகிதத்திலிருந்து ஜோக் படித்துக் காட்டினார். ஆளாளுக்குப் பயத்தில் ‘ஹே ஹே’ என்றுவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். கடைசியாக அவள்.

லீவு கிடையாது என்று சொல்லும் அதே குரலில் அவர் படித்தார். “ஒரு ஊழியர் செத்துட்டார். ஆபீஸ்லேருந்து மலர்வளையம் போச்சு. கூடவே ஒரு மெமோ. இன்னிக்கு ஏன் வரலைன்னு. பதிலை நேர்ல வந்து குடுக்கணுமாம்.”

‘உஸ்’ தொண்டை வரை வந்துவிட்டது. கிள்ளினாள். மறு தொடையையும் கிள்ளினாள். முகம் சிவந்து, கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள்.

மேனேஜரின் முகம் தொங்கிப்போனது. “அவ்வளவு சோகமாவா இருக்கு?”

“நெஞ்சை அடைக்குது சார்.”

அவர் காகிதத்தை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பேனாவையும் போட்டார். “உங்க வேலை நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாச்சு. போங்க,” என்று சொல்லிவிட்டு, பையைக்கூட மறந்து வெளியே நடந்தார். அப்போது மணி மூன்றுதான். ஐந்துக்கு முன்னால் அவர் எழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர் படியிறங்கியதும், அடக்கி வைத்திருந்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பியது. உஸ்ஸ்ஸ்! ஒன்று, இரண்டு, மூன்று! அக்கா அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

பையை எடுக்க வந்த டிரைவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அடக் கடவுளே, அது நீங்கதானாம்மா? அந்த ஆளுக்கு ஜோக்கெல்லாம் எழுதிக் குடுக்கறதே நம்ம சார்தான். ஒண்ணு விடாம சிரிச்ச ஒரே ரசிகரை நாளைக்கு அடுத்த பதிவுல முன்வரிசையில உக்கார வைக்கணும்னுதான் இத்தனை நாளா தேடினாரு. இப்ப நீங்க அழுததைப் பார்த்துட்டு, இனிமே எழுதவே மாட்டேன், முழுக் கவனமும் ஆபீஸ்லதான்னு சொல்லிட்டு கார்ல உக்காந்திருக்காரு!”