புளியமேட்டு ரயில்

டம டம டம டம்.

நாகப்பன் கண்ணைத் திறக்கவில்லை. ஃபவுண்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மனிதனுக்குக் காது மட்டும்தான் விழித்துக்கொள்ளும். மற்ற உறுப்புகள் லீவில் இருக்கும். தண்டோரா தெருமுனையில் நின்றது. தலையாரி கன்னியப்பனின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"இதனால் சகலமானவங்களுக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா... ஏரிக்கரை பங்களாவுல ஜப்தி பண்ண சாமானுங்கள வர்ற ஞாயித்துக்கெழம ஏலம் வுடப் போறாங்கோ! கட்டிலு, பீரோ, ரயிலு, கப்பலு..."

நாகப்பன் கண்ணைத் திறந்தான்.

வல்லக்கோட்டைக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவில் உள்ள புளியமேட்டுக்கு பஸ் கிடையாது. இந்த உண்மையை நாகப்பன் நான்கு ஆண்டுகளாக மனு மூலம் அரசாங்கத்துக்குத் தெரிவித்து வந்தான். தெரிந்துகொண்டதாக அரசாங்கமும் நான்கு ஆண்டுகளாகத் தெரிவித்து வந்தது. அவன் மனைவி காந்திமதிக்குப் பென்னலூர் பக்கத்தில் கையுறை கம்பெனியில் வேலை. விடிந்ததும் மெயின் ரோடு வரை நாலு கிலோமீட்டர் நடந்து கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் அதே நாலு திரும்பி வர வேண்டும். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, நடையைக் குறை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்த நடையை என்று அவர் சொல்லவில்லை.

இப்போது அந்த மனு கடைசி மேஜைக்கு வந்துவிட்டது. வசதிகள் சரிபார்ப்புப் பிரிவு ஒருமுறை வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பஸ் வந்துவிடும்.

இந்த நல்ல நேரத்தில்தான் நாகப்பன் ஏலத்துக்குப் போனான். போன தீபாவளிக்கு அவன் ஒரு ஷோகேஸ் வாங்கியிருந்தான். 1991-ல் கம்பெனி வேலையில் இருக்கிறவன் வீட்டில் ஷோகேஸ் இல்லாவிட்டால் அவனைத் தற்காலிகப் பணியாளன் என்றுதான் ஊர் நினைக்கும். உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

பங்களா வாசலில் கார்கள் நின்றன. அந்த வருஷம் மேனேஜர்களுக்கு ஒரு புது வியாதி பரவியிருந்தது: சீமையில் செய்த பழைய தகர ரயில்களையும் மரக் கப்பல்களையும் ஏலத்தில் எடுத்து ஹாலில் வைப்பது. பஞ்சு மில் மேனேஜர் சுபாஷ் பூதக்கண்ணாடியோடு வந்திருந்தார். ரயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"யாரோ துருவைச் சுரண்டி பெயின்ட் அடிச்சிட்டாங்க. துருதான் இதுக்கு உயிரு. போச்சு."

"கப்பல் சார்?" என்று நாகப்பன் கேட்டான்.

"ஒரு கீறல் இல்ல. ஒடஞ்சிருந்தா எடுத்திருப்பேன்."

தேய்ந்துபோன பொருளுக்குத்தான் மதிப்பு என்பது நாகப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. காந்திமதியின் முழங்காலுக்கு இதுவரை யாரும் விலை கேட்கவில்லை. மேனேஜர்கள் ஒதுங்கிக்கொண்டதால், ஒரு நூல் சேலை விலைக்கு ஒரு ரயிலும் இரண்டு கப்பல்களும் அவனுக்கு வந்தன.

ஏல விவகாரத் தனி அலுவலகத்தின் எழுத்தர் திருமலை ரசீது எழுதினார். 'ரயில் மாதிரி – ஒன்று. கப்பல் மாதிரி – இரண்டு.' எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு இடத்திலும் 'மாதிரி' என்பதை அடித்தார்.

"இன்னா சார் அடிச்சிட்டீங்க?"

"போன மாசம் சர்க்குலர் வந்திருக்கு. 'மாதிரி', 'போல', 'கிட்டத்தட்ட', இந்த மாதிரி... இப்படிப்பட்ட சந்தேக வார்த்தை எதுவும் ரிக்கார்டுல இருக்கக் கூடாது. இருந்தா இருக்குன்னு எழுதணும். இல்லேன்னா இல்லேன்னு எழுதணும்."

"ஆனா இது ரயில் மாதிரிதானே சார்?"

"நீங்க பொதுஜனம், மாதிரின்னு சொல்லலாம். கவர்மென்ட் சொல்லாது."

வீட்டில் காந்திமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னாய்யா இது?"

"ஆன்டிக்."

"நம்ம ஆண்டியாவுறதுக்கு வழியா?"

ஆனால் அவன் சாவி கொடுத்துத் தரையில் விட்டதும், இன்ஜின் ஆறு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு அம்மிக்கல்லைச் சுற்றி வந்தபோது, அவள் சிரித்துவிட்டாள். "நம்மூருக்கு வந்த மொத வண்டி இதான்யா," என்றாள்.

இரண்டு வாரம் கழித்து வசதிகள் சரிபார்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் தாண்டவராயன் வந்தார். ரிக்கார்டு தெரிந்தவர் என்பதால் திருமலையும் கூட வந்தார். ஜீப் மெயின் ரோட்டிலேயே சேற்றில் மாட்டிக்கொண்டதால் இருவரும் நாலு கிலோமீட்டரும் நடந்தே வந்தார்கள். நாகப்பன் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் தாண்டவராயனுக்குக் குரல் வந்தது.

"உங்க ஊருக்கு ரயில் இருக்குன்னு ரிக்கார்டுல இருக்கு. கப்பலும் ரெண்டு இருக்கு. அப்புறம் எதுக்குய்யா பஸ்?"

"சார், அது ரயில் மாதிரி சார்."

"எது மாதிரி?"

"ரயில் மாதிரி."

"ரயில் மாதிரின்னா எப்படி இருக்கும்?"

"ரயில் மாதிரியேதான் சார் இருக்கும்."

"அப்ப ரயில்தானே?"

திருமலை குறித்துக்கொண்டார். நாகப்பன் பதறிப்போய் ஷோகேஸைத் திறந்து ரயிலை எடுத்துத் தரையில் வைத்தான்.

"பாருங்க சார். மொத்தமே ரெண்டு முழம்."

தாண்டவராயன் திருமலையைப் பார்த்தார். "நீளத்துக்கு ஃபாரத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல சார். 'இயங்குகிறதா, ஆம், இல்லை.' அவ்ளோதான்."

"ஓடுதாய்யா?"

கதவுக்குப் பின்னால் நின்ற காந்திமதி தலையை வேகமாக ஆட்டி இல்லை என்றாள். நாகப்பனும் இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தான். ஆனால் நான்கு வருஷத்தில் முதல்முறையாக ஓர் அதிகாரி அவன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஏலத்தில் எடுத்தவனின் மனசும் சும்மா இருக்கவில்லை.

"ஷோக்கா ஓடும் சார்!"

சாவி கொடுத்தான். ரயில் அம்மிக்கல்லைச் சுற்றியது. தாண்டவராயன் குந்தி உட்கார்ந்தார். "இன்னொரு தடவை," என்றார். மூன்றாவது தடவை சாவியைத் தானே வாங்கிக் கொடுத்தார். 'கூ' என்று மெல்ல ஒரு சத்தமும் கொடுத்தார். பிறகு எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டார். முகம் மறுபடி ஆபீஸுக்குப் போய்விட்டது.

"எழுதுய்யா. மேற்படி கிராமத்தில் ரயில் நல்ல நிலையில் உள்ளது. மூன்று முறை இயக்கிப் பார்க்கப்பட்டது. மூன்று முறையும் தாமதமின்றிப் புறப்பட்டது. பயணிகள் எவரும் ஏறவில்லை. கப்பல்கள் இரண்டும், ஏரியில் போதிய நீர் இன்மையால், கரையில் நிறுத்தப்பட்டுள்ளன. உள்ள வசதிகளையே பொதுமக்கள் பயன்படுத்தாத நிலையில் பேருந்து கோருவது ஏற்புடையதன்று."

"சார்! என் பொஞ்சாதி தெனம் எட்டு கிலோமீட்டர் நடக்குது சார்!"

"ரயில் இருக்கிற ஊர்ல நடக்கிறது அவங்க விருப்பம்." அவன் முகத்தைப் பார்த்தபோது அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. "ரயில் இல்லேன்னு ஊர் மொத்தமும் கையெழுத்துப் போட்டு பதினஞ்சு நாள்ல கொடு. பஸ்ஸுக்கு நானே எழுதறேன்."

இருவரும் நாலு கிலோமீட்டர் நடந்து ஜீப்புக்குப் போனார்கள்.

நாகப்பன் அன்றே மனு எழுதினான். முதல் கையெழுத்து காந்திமதி போட்டாள், இரண்டாவது அவன். மூன்றாவது கையெழுத்துக்குப் பதினாலு நாள் அலைந்தான். பேனாவைக் கண்டாலே ஒருவனுக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போக வேண்டியிருந்தது, இன்னொருவனுக்குக் கண்ணாடி உடைந்திருந்தது.

பதினாலாம் நாள் சாயங்காலம் காந்திமதி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கால் ஒத்தடத்துக்கு நாகப்பன் இரும்புச் சட்டியில் உப்பு வறுத்துக்கொண்டிருந்தான். வாசலில் ஊரே வந்து நின்றது. முன்னால் மனைத் தரகர் உதயசூரியன். கையில் தாண்டவராயனின் அறிக்கை நகல்.

நாகப்பன் ஸ்டவ்வை அணைத்தான். "கையெழுத்துப் போட வந்தீங்களா?"

"இன்னா கையெழுத்து? ரயில் இல்லேன்னா? உனக்கு இன்னா பைத்தியமா, நாகப்பா?" உதயசூரியன் நகலை உயர்த்திப் பிடித்தார். "சர்க்கார் முத்திரை போட்டு ரயில் கீதுன்னு எழுதிக் குடுத்திருக்கான். மெயின் ரோட்டுல போர்டு வெச்சிட்டேன். 'ரயில் வசதியுடன் வீட்டு மனைகள்.' நேத்து மட்டும் மெட்ராஸ்லேர்ந்து மூணு பார்ட்டி."

"எப்படி வந்தாங்க?" என்று காந்திமதி கேட்டாள்.

"நடந்துதான்."

"ரயில் எங்கன்னு கேக்கலியா?"

"கேட்டாங்க. இன்னிக்கு லேட்டுன்னு சொன்னேன். நம்பிட்டாங்க."

கூட்டம் தலையாட்டியது. லேட் என்று கேட்ட பிறகு அது ரயில்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"யோவ், பஸ்ஸு வந்தா இன்னா கெடைக்கும்? டிக்கெட்டு," என்றார் உதயசூரியன். "ரயிலுன்னு பேரு இருந்தா போதும், கொல்லை மேடெல்லாம் பொன்னு. உன் மூணு சென்ட்டுக்கும் சேத்துத்தான்யா சொல்றேன்."

நாகப்பன் மனுவைப் பிடித்தபடி நின்றான். "எனக்கு பஸ்ஸுதான் வேணும். நாங்க ரெண்டு பேரு போட்டிருக்கோம். போடாதவங்க போடாம போங்க."

காந்திமதி தன் முழங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். மனுவைக் கொடுத்தான். அவள் பேனாவையும் வாங்கி, தன் பெயர் இருந்த இடத்தில், எழுத்து தெரியாதபடி அழுத்தி அடித்தாள்.

"இன்னாடி பண்ற?"

"இன்னும் ரெண்டு வருசம் நடந்தா போவுது. நல்ல வெலைக்கு வித்துட்டு, பஸ்ஸு போற ஊரா பாத்துப் போயிடலாம்."

"நாங்களும் அதான் பேசி வெச்சிகினு கீறோம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் திருப்தியாகக் கலைந்தார்கள்.

உப்பு ஆறிப்போயிருந்தது. நாகப்பன் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்து, பற்றவைத்து, சட்டியில் உப்பைக் கிளற ஆரம்பித்தான்.