தொள்ளாயிரத்து அறுபது கிராம்

"தொள்ளாயிரத்து அறுபது," என்றாள் தனக்கோடி.

கெசியா தராசின் மேலிருந்த வயர்க்கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரின் ரயில் நிலையத்தில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட பயணியைப் போல, பூனைக்குட்டி கத்திரிக்காய்களைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தது.

"போன வாரமும் அதேதானேக்கா?"

"அதுக்கு நான் இன்னா கண்ணு பண்றது? அதோட சோத்த நானா துன்றேன்?"

தராசில் வாங்குபவர் பக்கம் எண் காட்டும் விளக்கு செத்துப் பல மாதங்களாகின்றன. ராஜகீழ்ப்பாக்கத்தின் அந்தத் தெருவில் காய்கறிக் கடைக்காரி தனக்கோடி வாயால் சொல்வதுதான் எடை.

"குறிச்சுக்கோ," என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஜெபராஜ் ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்தார்.

"ஒடிக்காதீங்க சார்! அப்புறம் யாரு வாங்குவா?"

சனிக்கிழமை தோறும் எடை போடும் இந்த ஏற்பாடு அவருடையது. வீட்டில் ஏற்கெனவே மூன்று பூனைகள்: நிகோலாய், ஒல்கா, பெத்ரோ. மொழிபெயர்ப்பு நாவல்களுக்குள்ளேயே குடியிருக்கும் கெசியா வைத்த பெயர்கள். நான்காவதாக இந்தக் குட்டியை மழைநீர்க் கால்வாயிலிருந்து அவள் தூக்கி வந்த அன்று ஜெபராஜ் தீர்ப்பு சொன்னார்.

"ஒரு கிலோ ஆகற வரைக்கும் இருக்கட்டும். ஆன அன்னிக்கே கிளம்பிடணும். பேர் வைக்காதே. வெச்சா அப்புறம் போகாது."

கேளம்பாக்கத்தில் கெசியாவின் கல்லூரி நண்பன் உமேஷ், குட்டிக்காகத் தொட்டில்கூட வாங்கி வைத்திருந்தான்.

"வீட்டு மெஷின்லயே எடை பார்க்கலாமேப்பா?"

"நீ கீழே கையைக் கொடுத்துத் தூக்குவே. தனக்கோடி கடைத் தராசுதான்."

ஜெபராஜ் கணக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்பில் சொந்த மகளுக்கே முப்பத்து நாலரை போட்டு ஃபெயிலாக்கியவர். தனக்கோடியின் மகன் ஜெயவேலுவுக்கும் அதே முப்பத்து நாலரை. "ஒரு அரை மார்க்கு போட்டா இன்னா சார் கொறஞ்சுடும்?" என்று தனக்கோடி கேட்டதற்கு, "கணக்கு கொறஞ்சுடும்மா," என்றாராம். ஜெயவேலுவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அவள் இன்னும் அதைத் தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று வீடு திரும்பும் வழியில் கெசியா, 'ஸ்தோத்திரம் ஆண்டவரே, இன்னும் ஒரு வாரம் கிடைச்சுது,' என்று மனதுக்குள் நன்றி சொன்னாள். பாதித் தெரு வந்தபோதுதான் பயம் வந்தது. வளர்கிற குட்டிக்கு எடை ஏன் ஏறவில்லை?

பெரிய மூன்றும்தான் இதன் சாப்பாட்டைத் தின்கின்றன என்று முடிவு செய்தாள். திங்கட்கிழமையிலிருந்து குட்டிக்குக் குளியலறையில் தனிப் பந்தி. கதவைச் சாத்தியதும் நிகோலாய், ஒல்கா, பெத்ரோ மூன்றும் வாசலில் உட்கார்ந்து கோரஸ் பாடத் தொடங்கின. நான்காவதாக ஜெபராஜ் தோளில் துண்டுடன் வந்து நின்றார்.

"கெசியா, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"சாப்பிட்டுட்டு இருக்குப்பா. நீங்க பேசினா நிறுத்திடும்."

அந்த வாரம் இரண்டு நாள் அவர் முகம் மட்டும் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

சனிக்கிழமை வந்தது.

"தொள்ளாயிரத்து அறுபது."

சரி, வயிற்றில் பூச்சி. மருந்துக் கடையில் கேட்டுப் பூச்சி மருந்து வாங்கி வந்தாள். குட்டி அதை வாயில் வாங்கி, ஒரு நிமிடம் யோசித்து, அயர்ன் செய்து நாற்காலியில் தொங்கிய ஜெபராஜின் வெள்ளைச் சட்டையின் மீது துப்பியது. ரோஸ் நிறத்தில் ஒரு தீவு உருவானது.

ஜெபராஜ் சட்டையைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். "வேற சட்டை இருக்கு," என்றார்.

"என்னங்க, காய்ச்சலா?" என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் அம்மா யூனிஸ்.

அடுத்தது சத்துணவுத் திட்டம். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, மஞ்சள் கரு, மூன்று வேளை. கோழி வாசனைக்குப் பெத்ரோ பால் பாத்திரத்தைக் கவிழ்த்தது. ஒல்கா அடுப்பு மேடையைவிட்டு இறங்கவே மறுத்தது. அவற்றை அடக்க அவற்றுக்கும் கோழி போட வேண்டியதாயிற்று. வார முடிவில் நிகோலாய் வழக்கமாக நுழையும் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே சிக்கி, பின்னாலிருந்து தள்ளிவிடப்பட்டது. குட்டியின் வயிறு தரையைப் பெருக்கிக்கொண்டு போனது.

மறு சனிக்கிழமை, கடைக்குப் போகும் வழியிலேயே வயர்க்கூடையின் ஒரு காது அறுந்தது.

தனக்கோடி தராசைப் பார்த்தாள். ஜெபராஜைப் பார்த்தாள். "தொள்ளாயிரத்து... அறுபது."

வீட்டுக்கு வந்ததும் கெசியா போனில் தேடினாள். வயிறு பெருத்து எடை ஏறாவிட்டால் என்ன அர்த்தம்? போன் சொன்ன பதில்களில் மூன்றாவதைப் படித்ததும் அழுதுவிட்டாள்.

"வயித்துல தண்ணி கோத்திருக்கும்ப்பா. நான் வேற, எடை ஏறலைன்னு வாராவாரம் நன்றி சொல்லிட்டு இருந்தேன். அதுக்குத்தான் இது. கேளம்பாக்கத்துக்கே போகட்டும்ப்பா, உயிரோட இருந்தா போதும். டாக்டர்கிட்ட போறேன்."

ஜெபராஜின் முகம் வெளிறியது. "டாக்டர்லாம் எதுக்கு? நல்லாத்தான் இருக்கு. கெசியா, இரு, அது வந்து..."

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. ஆட்டோவுல ஜாக்கிரதை."

சேலையூரில் இருந்த டாக்டரம்மா குட்டியின் வயிற்றைத் தட்டினார், அமுக்கினார், பிறகு எடை மெஷினில் உட்கார வைத்தார். இந்த முறை எண் கெசியாவின் பக்கமே மின்னியது. ஒரு கிலோ நானூற்று அறுபது.

"தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள கோழிதான் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "மூணு மாசக் குட்டிக்கு இது ஜாஸ்திம்மா. சாப்பாட்டைப் பாதியாக்குங்க. மத்தபடி ஜம்முனு இருக்கு."

திரும்பி வரும் ஆட்டோவில் கெசியா குட்டியின் நெற்றியில் பத்து முத்தம் வைத்தாள். டாக்டருக்கு நன்றி, ஆட்டோக்காரருக்கு நன்றி, வழியில் விழுந்த பச்சை விளக்குக்கும் நன்றி. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றபோதுதான் கழித்துப் பார்த்தாள். சரியாக அரை கிலோ வித்தியாசம். காலையில் ஒரு எடை, மதியம் ஒரு எடையா?

நேராகக் கடைக்குப் போனாள்.

"தனக்கோடியக்கா! உங்க தராசு அரை கிலோ குறைச்சுக் காட்டுது! பயந்து பயந்து நான் செத்தே போயிட்டேன்!"

தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த ஹேமாவதி மாமி சட்டென்று நிமிர்ந்தார். "குறைச்சா காட்டுது? அப்போ எனக்கு மூணு கிலோ போடு."

"எனக்கும் ரெண்டு கிலோ வெங்காயம்," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"அய்ய, சும்மா இருங்க!" தனக்கோடி தராசின் மேல் கோணியைப் போட்டு மூடிவிட்டு, கெசியாவின் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"தோ பாரு கண்ணு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. ஆனா கடை பேரு கெட்டுப்பூடும், அதான் சொல்றேன். தராசு கரெக்ட்டாதான் கீது. எம்புள்ளைக்கு அரை மார்க்கு போடாத மனுசன், அந்தப் பூனைக்கு அரை கிலோ கொறைச்சுச் சொல்லச் சொல்லி மூணு வாரமா காத்தால வந்து என்னைக் கெஞ்சிகினு கீறாரு, உங்கப்பாரு!"