சின்னவரை ஃபெயில் செய்த கழுத்துப் பட்டை

மதிப்பிற்குரிய கால்நடை மருத்துவர் அவர்களுக்கு,

உன் பெரியப்பா எழுதுவது. மேலே மருத்துவர் என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. இந்தக் கடிதத்தை நான் உன் அம்மாவின் அக்கா புருஷனாக எழுதவில்லை; உங்கள் ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டிருக்கும் சின்னவர் என்ற நாயின் பொறுப்பாளனாக எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி பெரியப்பா, பாத்துக்கலாம் பெரியப்பா" என்று தேனாகப் பேசி மழுப்பிவிடுவாய். எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். மற்றபடி இங்கே உன் பெரியம்மா சௌக்கியம், சின்னவர் வெகு சௌக்கியம். எனக்குக் கோபத்தைத் தவிர வேறொரு கோளாறும் இல்லை. உன் வீட்டுக்காரரையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்லவும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்று படம் எடுத்துக் காட்டியது நீ. வயதான நாய்களின் மூட்டுவலிக்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், சேர்த்துவிடுங்கள் என்று சொன்னதும் நீ. நம்பி அழைத்து வந்தேன். வந்த அன்றே வினை ஆரம்பித்தது. முன்காலில் ரோமத்தை மழித்து ரத்தம் எடுத்தார்கள். நீளமான ஒரு பாயில் நடக்கவிட்டு, எந்தக் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். சின்னவர் பாயின் நடுவிலேயே படுத்துக்கொண்டார், அதையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு உன் உதவியாளர் ஒரு மாத்திரைப் புட்டியைக் கொடுத்து, இது நிஜ மருந்தாகவும் இருக்கலாம், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையாகவும் இருக்கலாம், எது என்று உங்களுக்கும் தெரியக் கூடாது, எங்களுக்கும் தெரியாது என்றார், என்னவோ பெருமைக்குரிய விஷயம் மாதிரி. நான் வேலை பார்த்த காலமெல்லாம் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தியவன். ஓட்டுகிறவனுக்கும் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் தெரியாது, வண்டியில் பிரேக் உண்டா இல்லையா என்று ஒரு தேர்வு நடத்தியிருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்தது அந்தக் கழுத்துப் பட்டை. தீப்பெட்டி அளவு கருவி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாய் எப்போது நடக்கிறது, எப்போது படுக்கிறது, படி ஏறுகிறதா இல்லையா என்று எல்லாவற்றையும் அது உங்களுக்குப் போட்டுக்கொடுக்குமாம். குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாதாம். பட்டை ஏறியதும் சின்னவர் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார், சாப்பாட்டுத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரை உள்ளே போக வேண்டுமென்றால் சாப்பாடு உள்ளே போக வேண்டும். ஆகவே இரு தரப்புக்கும் பாதகமில்லாமல் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். அந்த விவரம் இங்கே அவசியமில்லை. பட்டை அன்று முதல் ஒரு நிமிடம்கூட ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது, அதற்கு நான் ஜவாப்தாரி.

மாத்திரை என்ன வேலை செய்தது என்று கேள். வாசற்படியைத் தாண்ட முடியாமல் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாய், இப்போது மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறது. பூங்காவில் அவிழ்த்துவிட்டால் நான் பெஞ்சில் உட்காருவதற்குள் மறுகோடியில் நிற்கிறார். போன வாரம் எதிர்வீட்டுப் பல் டாக்டரின் சுற்றுச்சுவரைத் தாண்டிக் குதித்து அவருடைய செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வாசலில் நின்றுகொண்டு, "ஒரு செருப்ப வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது, இன்னொண்ணையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார். இத்தனை அவமானத்திலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இடுப்பு வலிக்கிற நாய் சுவர் தாண்டுமா?

இந்த நேரத்தில்தான் உங்கள் அறிக்கை வந்து சேர்ந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் உன் கண்ணில் குத்துகிற மாதிரி நானும் ஒரு தடவை எழுதுகிறேன். நாய் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறதாம். காலையில் ஏதோ ஒரு சின்ன இடத்தில் போய் வெகுநேரம் ஆடாமல் அசையாமல் இருக்கிறதாம். ஏனம்மா, நாய் கழிவறையில் உட்கார்ந்து பேப்பரா படிக்கும்? சாயங்கால நடையில் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறதாம், அப்புறம் நகருவதே இல்லையாம். எழுந்திருக்கத் தடுமாறுகிறதாம், படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறதாம், வலது காலைச் சாய்த்து வைக்கிறதாம். ஆகவே மாத்திரையால் பலனில்லை, மாதக் கடைசியோடு மாத்திரையை நிறுத்தி இந்த நாயை ஆராய்ச்சியிலிருந்து விடுவிக்கிறோமாம். விடுவிக்கிறார்களாம், சிறையிலிருந்து விடுவிக்கிற மாதிரி. எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே உன் உதவியாளருக்குப் போன் போட்டேன்.

"சார், டேட்டா அப்படித்தான் சொல்லுது" என்றார்.

"உங்க டேட்டா நேத்து வந்தது தம்பி. நான் பத்து வருஷமா இந்த நாயோட இருக்கேன்."

"அசைவெல்லாம் ரொம்பக் கனமா இருக்கு சார். தீனியக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன். சாப்பிட்டதும் தூங்க விடாதீங்க."

இதை ஒரு மனிதன் எத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? போனை வைத்துவிட்டு அறிக்கையை உன் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "யாரச் சொல்றாங்க?" என்று கேட்டாள். நாயைத்தான் என்றேன். "ஓ" என்றாள், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். என் பக்கம் பேச இந்த வீட்டில் ஒரு நாதியில்லை.

நான் எத்தனையோ பேரை ஃபெயில் செய்திருக்கிறேன். உன் அப்பாவையே ரெண்டு தடவை ஃபெயில் செய்தேன், உன் அம்மா அதற்காக என்னோடு பேசாமல் இருந்தாள். ஆனால் யாரையும் முகத்தைப் பார்க்காமல் ஃபெயில் செய்ததில்லை. நீங்கள் ஒரு தீப்பெட்டியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு சின்னவரின் மாத்திரையைப் பிடுங்கப் பார்க்கிறீர்கள். மாத்திரை நின்றால் அவர் பழையபடி வாசற்படியில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். அதை என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். நீ நேரில் வந்து அவர் ஓடுவதைப் பார், பார்த்துவிட்டு அந்த அறிக்கையைக் கிழித்துப் போடு. வலது காலாம், தடுமாற்றமாம். இந்த வீட்டில் யாருக்கும் காலில் ஒரு குறையும் கிடையாது.

கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருங்கள், அந்த உதவியாளரும் எப்படியோ நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்க்கும்
பெரியப்பா

பின்குறிப்பு: இது பெரியம்மா எழுதுவது. கவர் ஒட்டப் பசை தேடிக்கொண்டு அவர் மாடிக்குப் போயிருக்கிறார். பசை இங்கே என் மடியில்தான் இருக்கிறது.

கண்ணு, அந்தப் பட்டை உன் பெரியப்பாவின் கணுக்காலில் இருக்கிறது. கல்யாணமானதிலிருந்து வீட்டுக்குள் சாக்ஸ் போடாத மனுஷன், இப்போது தூங்கும்போதுகூடப் போட்டுக்கொள்கிறார். கேட்டால் தரை சில்லென்று இருக்கிறதாம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், தீப்பெட்டி அளவுக்குப் பிதுங்கிப்போன அந்தச் சாக்ஸைத் துவைப்பது யார் என்று அவருக்கு யோசனையே போகவில்லை. அதனால் சின்னவர் விஷயத்தில் அவர் எழுதியதெல்லாம் நிஜம், மாத்திரையை நிறுத்திவிடாதே.

ஆனால் உங்கள் தீப்பெட்டி சொன்னதும் நிஜம். ஒரு வருஷமாக முட்டி வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. டாக்டர் என்று சொன்னாலே எரிந்து விழுகிறார். எனக்கு ராத்திரியெல்லாம் பயமாகத்தான் இருந்தது. எனக்காகவும் வர மாட்டார், தனக்காகவும் வர மாட்டார். அதனால் நீ ஆஸ்பத்திரிக் காகிதத்தில், முத்திரை குத்தி, ஒரு கடிதம் போடு. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவரின் கால்களையும் மனுஷ டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் மாத்திரை தொடரும் என்று எழுது. அது பொய்தான், பரவாயில்லை. சின்னவருக்காக என்றால் நாளைக்கே கிளம்பிவிடுவார்.

படியில் சத்தம் கேட்கிறது, பசை கிடைக்கவில்லை என்று இறங்கி வருகிறார். பாதியில் நின்றுவிட்டார், அதனால் இன்னும் ஒரு வரி எழுத எனக்கு நேரம் இருக்கிறது. சின்னவர் முன்னாலேயே குதித்து இறங்கி வந்து, கடைசிப் படியில் நின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.