விதிக்குக் கைகொடுத்த சிங்கராயர்

“தம்பி, மெதுவா மோதணும். பிள்ளை விழுந்துறக் கூடாது” என்றார் சிங்கராயர்.

மாதா கோயில் தூணுக்குப் பின்னால் நின்ற ஷெல்டன் தலையாட்டினான். பதுளையில் போன் கடை வைத்திருக்கும் பையன். போன திருநாளுக்கு எங்கிருந்தோ வந்து, தோரணம் கட்டிய சிங்கராயருக்கு ஏணி பிடித்து, அன்றைக்கே சிங்கராயர் மனதில் மாப்பிள்ளையாகிவிட்டான்.

சிக்கல் அவர் மகள் நிலக்ஷனாதான். வந்த வரன்களின் போட்டோவைக்கூட அவள் பார்க்கவில்லை. “கண்டதும் மனசு சொல்லணும்ப்பா. அதான் விதி. அது தானா நடக்கணும்” என்றாள். எல்லாம் அவள் வாசிக்கும் காதல் நாவல்கள் செய்த வேலை.

சிங்கராயரோ, “என் வீட்டுல காதல் கல்யாணம்னா கோயில் படியே மிதிக்க மாட்டேன்” என்று தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர். மகள் தனியாகவே இருந்துவிடுவாளோ என்ற பயத்தில் அவருக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் அவளுடைய நாவல் ஒன்றை எடுத்து, பைபிளுக்குள் மறைத்து வைத்து வாசித்தார். ஓரிடத்தில் மூக்கையும் சிந்தினார்.

நமுனுகுலவில் கணக்கப்பிள்ளையாக இருந்து, காலையில் பெரட்டுக்குக் கூடும் ஆட்களை மலைக்கு மலை பிரித்து அனுப்பியவர் அவர். விதியையும் அப்படி வேலைக்கு அனுப்பினால் என்ன? நாமே ஏற்பாடு செய்கிற காதல் காதலில் சேராது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. “இப்ப போ!” என்று அவர் தள்ளிய வேகத்தில் ஷெல்டன் போய் மோதியது உபதேசியார் மீது. அவர் கையிலிருந்த தீர்த்தச் செம்பு பறந்து சிங்கராயர் தலையிலேயே கவிழ்ந்தது. நிலக்ஷனா ஷெல்டனை ஏறெடுத்தும் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்தது மழை. நாவலில் நாயகன் குடை பிடிப்பான். சிங்கராயர் மகளின் குடையை ஒளித்துவிட்டு ஷெல்டனைச் சந்தியில் நிறுத்தினார். நமுனுகுல காற்று அவன் குடையைத் தேயிலைச் செடிகளுக்கு மேலே கொண்டுபோயிற்று. நிலக்ஷனா நனைந்து, காய்ச்சலோடு படுத்தாள்.

“இந்தாங்க, பிள்ளையோட குடை கோழிக்கூட்டுக்குள்ள எப்படிப் போச்சு?” என்றாள் மனைவி றோசாலி.

“கோழி நனையுதேன்னு...” என்று இழுத்தார் சிங்கராயர்.

காய்ச்சல் விட்டதும் நிலக்ஷனா சொன்னாள்: “எனக்கு விதியே இல்லப்பா. நான் கன்னியாஸ்திரி மடத்துல சேந்துறேன்.”

சிங்கராயர் மறுபடி நாவலைப் புரட்டினார். இருப்பது ஒரே மகள்.

திங்கட்கிழமை காலை, மகள் வேலைக்குப் போகும் பதுளை பஸ்ஸில் அவரும் ஏறினார். ஷெல்டனும் ஏறினான். மூச்சுவிட முடியாத நெரிசல். பின் சீட்டில் மட்டும் யாரோ துண்டு போட்டிருந்தார்கள். அதில் ஒருவரும் உட்காரவில்லை. அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் சிங்கராயர் இல்லை.

இந்த முறை யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. வளைவில் பஸ் சாய்ந்தது. நிலக்ஷனா ஷெல்டன் தோளில் சரிந்தாள். கண்கள் சந்தித்தன. அடுத்த இரண்டு வளைவுகளிலும் அவை பிரியவில்லை.

“அப்பா... மனசு சொல்லிருச்சு” என்றாள்.

சிங்கராயருக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினார்: “எல்லாரும் கேட்டுக்கங்க! என் மகளுக்கும் இந்தத் தம்பிக்கும் வர்ற மாசம் கல்யாணம். இப்பத்தான் பாத்தாங்க, இப்பவே புடிச்சிருச்சு. கடவுள் சித்தம்! ஒருத்தர் விடாம வந்துறணும்!”

பஸ் கை தட்டியது. கொண்டு வந்திருந்த டொபிப் பையைப் பிரித்து, முதல் டொபியைக் கொண்டக்டர் முருகையாவிடம் நீட்டினார்.

முருகையா அதை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: “ரொம்பச் சந்தோசம் ஐயா! அப்ப, ரெண்டு வருசமா இவங்க ரெண்டு பேருக்கும் நான் துண்டு போட்டுப் புடிச்சு வைக்கிற அந்தப் பின் சீட்டை, இனி வேற யாருக்காவது குடுத்துறலாமா?”