அன்னார் இப்போது குளிக்கிறார்

எனக்குத் தெரிந்த தொழில் எல்லாம் நானே பார்த்துப் பழகியதுதான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சரிவரவில்லை. (நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.) திருகோணமலைத் துறைமுகத்தில் வள்ளங்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்து பழைய பெயின்ற் சுரண்டிய நான், இன்றைக்கு எஞ்சின் திருத்தும் பட்டறை மூன்றுக்கும் ஐஸ் தொழிற்சாலை ஒன்றுக்கும் முதலாளி. எஞ்சினைத் திறக்கத் தேவையில்லை. சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட கை தொட்டு நாசமாய்ப் போன ஒரே சாமான், என் வாழ்க்கை வரலாறு.

எல்லாம் மரவாடிக்காரச் சிநேகிதன் ஒருவனால் வந்தது. இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதாம். ஆரும் எழுதலாம், ஆரும் திருத்தலாமாம். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். அதில் அவனைப் பற்றி நாலு வரி.

"உன்ர பேரைக் காணேல்லையே, குணம்?" என்றான்.

அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பலகை விற்கிறவனுக்கு நாலு வரி என்றால், எனக்கு எத்தனை வரி வேண்டும்?

நாலு நாள் கொப்பியும் பேனையும் கையுமாக இருந்தேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அதுவரை வாசித்த வாழ்க்கை வரலாறு எல்லாம், செத்த வீட்டு முப்பத்தோராம் நாளில் சாப்பாட்டோடு கையில் தருவார்களே, அந்த நினைவு மலர்களில் வந்தவைதான். ஒரு மனிதனின் கதை எப்படித் தொடங்க வேண்டும், எப்படி முடிய வேண்டும் என்று எனக்கு அவற்றில்தான் பாடம். அதன்படியே தொடங்கினேன்: "திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சின்னத்தம்பி குணநாயகம் அவர்கள்..." பிறகு இன்னாரின் அருமைப் புதல்வர், இன்னாரின் பாசமிகு கணவர், இன்னாரின் அன்புச் சகோதரர். ஒவ்வொருவருக்கும் பிறந்த திகதி, நட்சத்திரம், படிப்பு, நோய் வருத்தம், இருக்கிற வீதி. நினைவு மலரில் எதையும் ஒளிக்கிற வழக்கம் இல்லை. இடைக்கிடை "அன்னார்" என்றும் போட்டேன். மரியாதையாக இருந்தது.

தட்டச்சு செய்தது பட்டறைக்குப் பக்கத்தில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிற வசந்தி. பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"ஐயா, இதெல்லாம் உயிரோட இருக்கிற ஆக்களின்ர விபரம். அவையிட்டக் கேட்டனீங்களோ?"

"என்ர பெண்சாதி, என்ர அக்கா. நான் ஆரிட்டக் கேக்கிறது? நீர் அடியும் பிள்ளை."

அடித்தாள். ஏற்றினாள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போன நடையைப் பார்த்திருந்தால் துறைமுகத்துக் கப்பல்களே வழிவிட்டிருக்கும்.

அடுத்த நாள் காலை, கனடாவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தம்பி போன் எடுத்தான். எடுத்துக் கதைத்தவள் என் மனைவி தவமணி.

"மச்சாள்... அண்ணர்... எப்ப மச்சாள்?" என்று ஒரே அழுகை.

இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவர் இப்பதான் குளிக்கப் போனவர்."

"ஐயோ! குளிக்கேக்கயோ நடந்தது?"

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து போனை வாங்கி, "டேய், நான் இஞ்ச நிக்கிறனடா" என்றேன். அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம். (பேய் என்று நினைத்திருப்பான்.) பிறகு, "அண்ணை, இணையத்தில உங்களை 'அன்னார்' எண்டு கிடந்துது, செத்த ஆக்களுக்குத்தானே அப்பிடி எழுதுறது. நான் பெரியக்காவுக்கும் சொல்லிப்போட்டன். முழுக்க வாசிச்சுக் காட்டினனான்" என்றான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தவமணி சிரிக்கவில்லை. "முழுக்க எண்டா? என்ன எழுதினீங்கள்?" என்று கேட்டாள். அதற்குள் வாசலில் ஓட்டோ வந்து நின்றது.

தம்பலகாமத்தில் இருந்து பெரியக்கா. வெள்ளைச் சேலை. "என்ர தம்பீ!" என்று படலையில் தொடங்கிய ஒப்பாரி, பாணும் சம்பலுமாக இருந்த என்னைக் கண்டதும் அந்தரத்தில் நின்றது. கிட்ட வந்து முதுகில் ஒரு அறை விட்டா. செத்தவனுக்கு இப்படி நோகாது.

தண்ணீர் குடித்து மூச்சு வந்த பிறகு, தவமணியைத்தான் பார்த்தா. விரலை மடக்கி எண்ணினா. மறுபடியும் எண்ணினா.

"உன்ர பிறந்த வருசம் அதில கிடந்ததுதானோ தவம்? அப்ப நீ எனக்கு ஒரு வயது மூப்போ?"

தவமணி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு அப்போதுதான் நான் செய்த வேலை உறைத்தது.

தவமணி எனக்கு இரண்டு வயது மூத்தவள். அந்தக் காலத்தில் இது என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் கலியாணம் நடந்திராது. கலவரத்தில் அவர்களுடைய கடுதாசி எல்லாம் போய், பிறகு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கப் போனபோது, "மூண்டு வயது என்னிலும் குறைச்சுச் சொல்லு" என்று உப்புவெளிக் கடற்கரையில் நின்று கெஞ்சியவன் நான்தான். அவளுக்குப் பொய் பிடிக்காது. எனக்காகச் சொன்னாள். அன்றிலிருந்து நாற்பத்திரண்டு வருசம் என் அக்கா, தனக்கு இளையவள் என்று, அவளைப் "பெட்டை" என்று கூப்பிட்டா. வாழைக்காய் எப்படி வெட்டுவது என்று பழக்கினா. நாலு பேர் முன்னால் "உனக்கென்ன தெரியும், சின்னப் பிள்ளை" என்று வாயை மூடவைத்தா. இவள் ஒரு சொல் சொன்னதில்லை. அதைத்தான் நான் என் பெருமைக்கு ஒரு வரி கூடட்டும் என்று உலகத்துக்கே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

குசினி வாசலில் நின்று அவள் என்னைத்தான் கேட்டாள்: "நான் ஆருக்காக மறைச்சனான்? கொம்மா கண் மூடும் மட்டும் சொல்லாத நீங்கள், இப்ப ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

நான் பாணைப் பிய்த்துப் பிய்த்துக் கோப்பையிலேயே போட்டேன்.

இனிச் சண்டை அவர்கள் இருவருக்கும்தான் என்று பயந்தேன். ஆனால் பெரியக்கா என் பக்கம் திரும்பிவிட்டா. "அவளை விடு. என்னைப் பற்றி என்னடா எழுதினனீ? கணக்கில மூண்டு தரம் பெயில் எண்டோ?"

"உண்மைதானே அக்கா..."

"உண்மை எண்டா ஊருக்குச் சொல்லோணுமோ? உன்ர சீவியத்தை நீ எழுது. என்ர சீவியத்தில உனக்கென்ன வேலை?"

இரண்டு பேருமாக என்னை வசந்தியின் கடைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஆளுக்கொரு கதிரை, எனக்கு நிற்கிற இடம். வசந்தி ஒவ்வொரு வசனமாக வாசித்தாள். தவமணியின் பிறந்த வருசம், எடு. அக்காவின் சோதனை முடிவு, எடு. மகளின் பிரசவம், எடு. மருமகனின் வழுக்கை, எடு. (அதை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியாது.) போகப்போக எனக்குக் கால் உளைந்தது, அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

"எஞ்சின் திருத்தும் கலையை அன்னார் ஆருடைய உதவியுமின்றித் தாமாகவே கற்றுத் தேர்ந்தார்," என்று வசந்தி வாசித்தாள்.

"அதில நாங்கள் இல்லைத்தானே. கிடக்கட்டும் பிள்ளை" என்றாள் தவமணி.

"அது பொய். எடு!" என்றா அக்கா.

பொய்தான். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் இருந்து, எஞ்சினோடு வந்த இங்கிலீசுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னவள் தவமணி. நான் கழற்றுவேன், அவள் அடுத்த வரியைச் சொல்லுவாள். காற்றுக்குத் தாள் பறக்காமல் எண்ணெய் அப்பிய என் விரலால் அமத்திப் பிடிப்பேன். அந்தப் புத்தகத்தில் என் ரேகை படாத பக்கம் இல்லை. எவ்வளவு சந்தோசமான மத்தியானங்கள் அவை! அதை எழுத மட்டும் எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

கடைசியில் மிஞ்சியது, "குணநாயகம் திருகோணமலையில் வசிக்கிறார்" என்ற ஒரு வரி. இரண்டு நாளில், இதற்கு ஆதாரம் போதாது என்று எந்த நாட்டிலிருந்தோ ஒரு புண்ணியவான் அதையும் நீக்கிவிட்டான்.

இப்போதும் வீட்டுக்கு ஆரும் வந்து நான் பழைய கதை தொடங்கினால், பேரப்பிள்ளைகள் வரை ஒரே குரலில் கேட்பார்கள்: "கேட்டனீங்களோ?" தம்பலகாமத்தில் இருந்து வந்தால் பெரியக்காதான் இப்போது குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போடுகிறா. "மூத்தவ இருக்க நான் இருக்கலாமோ?" என்று ஒரு நக்கல், ஆனால் தேத்தண்ணி நல்ல தேத்தண்ணி.

இந்தக் கட்டுரையையும் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டி, கேட்டுத்தான் அனுப்புகிறேன். அக்கா ஓர் இடத்தை எடுக்கச் சொன்னா; எடுத்துவிட்டேன். தவமணியின் வயது வருகிற இடத்தை நானாகவே வெட்டப் போனேன். அவள் பேனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிடக்கட்டும்," என்றாள். "நாப்பத்திரண்டு வருசம் இளமையா இருந்து களைச்சுப் போனன்."