சிங்கத்தின் தோளில் மிதக்கும் எலும்பு

அந்த வாரம் லுவாங்வா ஆற்றங்கரையில் ஒருவரும் சோளக்கொல்லைப் பக்கம் போகவில்லை. எல்லோரும் டாக்டர் கம்வெண்டோவின் கூடாரத்தின் முன் சேவலும் கையுமாக நின்றார்கள். எங்கே படித்த டாக்டர் என்று கேட்காதீர்கள். பலகையில் அவரே எழுதிக்கொண்டது.

"சிங்கத்தோட தோள்ல சின்னதா ஒரு எலும்பு. வேற எந்த எலும்பையும் தொடாம சதைக்குள்ள தனியா மிதக்குது! பக்கத்துக்கு ஒண்ணு. அதக் கழுத்துல கட்டினவன எந்தச் சிங்கமும் தொடாது!" என்று கூவினார்.

எலும்பு மிதப்பது உண்மைதான். பொய்க்கு இப்படி ஓர் உண்மையை முட்டுக்கொடுத்தால் ஜோராக நிற்கும். விலை, ஆளுக்கு ஒரு சேவல். தானே அறுத்து, தானே சமைத்து, தானே தின்பார். அடுத்தவர் கண் பட்டால் மருந்து கெட்டுவிடுமாம்!

என் பக்கத்து வீட்டுச் சகாலா, தாயத்தோடு புல்காட்டு வழியாகச் சந்தைக்குக் கிளம்பினான். முந்தாநாள் அங்கேதான் சிங்கம் ஒரு மாட்டை அடித்திருந்தது. மனைவி எஸ்னாத்தி மறித்தாள்.

"ரோட்டு வழியாப் போங்க."

"போடி, சிங்கமே ஒதுங்கி நிக்கும்."

"எங்க, அதக் காட்டுங்க."

எங்கள் ஊரில் மருமகனுக்குக் கோழி வைத்தால் ஒரு துண்டும் குறையக்கூடாது; குறைந்தால் மாமியார் மானம் போயிற்று. கோழியின் எலும்பெல்லாம் எஸ்னாத்திக்கு அத்துப்படி. புருஷனைக் கூடாரத்துக்கே இழுத்துப்போனாள். வேலையைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

"டாக்டரய்யா, எதையும் தொடாத எலும்புன்னீங்களே, ஒரு முனை ஏன் முறிஞ்சிருக்கு?"

எஸ்னாத்தி அங்கே நின்றவர்களின் தாயத்துகளை வாங்கி ஒவ்வொன்றாகச் சகாலாவின் எலும்போடு சேர்த்துப் பார்த்தாள். முதலிரண்டு பொருந்தவில்லை. கூட்டத்தில் நின்ற தேம்போவுடையது முறிவோடு முறிவு கச்சிதமாகச் சேர்ந்து, கவட்டையாக நின்றது.

"கோழி நெஞ்சுக் கவட்டெலும்பு! நீங்க குடுத்த சேவலத் தின்னுட்டு, எலும்ப உங்க கழுத்துலயே கட்டியிருக்காரு!"

"இது... றெக்க முளைச்ச சிங்கம்மா! ரொம்ப அபூர்வம்!" என்றார் கம்வெண்டோ.

"அதுக்கு எத்தன சேவல், டாக்டரய்யா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். சத்தியமாக என் காதால் கேட்டேன்.

சகாலா கேட்டான்: "அப்ப நான் கோழிய மாட்டிக்கிட்டா சிங்கத்துக்கிட்டப் போகப் பாத்தேன்?"

"ஆமா. சாப்பாடு நீங்க, தொட்டுக்கக் கோழி!" என்றாள் எஸ்னாத்தி.

தேம்போ தடியை ஓங்கினான். கம்வெண்டோ மூட்டையோடு பறந்தார். மூட்டை நிறையத் தாயத்து. இருந்தும் பக்கத்திலிருந்த புல்காட்டுக்குள் கால் வைக்கவில்லை. தார்ரோட்டுக்கு ஓடி, லாரிக்குக் கைகாட்டினார்.

விற்றவனே நுழையாத காட்டுக்குள் வாங்கினவன் நுழைவானேன்? சேவலைக் கொடுக்குமுன் இதை யாராவது கேட்டார்களா?