பன்மை நடத்த வந்தவர்

பாலகுமார் கரும்பலகையில் ‘சைல்டு’ என்று எழுதி முடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்பே கத்தியது.

"சில்ரன்!"

ஆங்கிலத்தில் ஒருமையைப் பன்மையாக்குவதுதான் அவருக்குக் கொடுத்திருந்த டெமோ பாடம். பிள்ளைகளுக்குத் தெரியாததை நடத்திக் காட்டினால்தானே வேலை தருவார்கள்?

பி.எட். முடித்து வருஷங்கள் ஓடிவிட்டன. குமராட்சியில் மாமனார் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. காலையில் மினி பஸ் ஏறும்போது மனைவி தமிழ்ச்செல்வி கண் கலங்கிச் சொன்னாள்: "மாமா, இந்த வாட்டியாச்சும் வேலயோட வாங்க. அப்பா மொகத்தப் பாக்க முடியல."

இப்போது கடலூர்ப் பள்ளிக்கூடத்தில், வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, பிரின்சிபால் லோகநாயகி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கஷ்டமானதாகக் கேட்டுவிடலாம் என்று பாலகுமார், "ஆக்ஸ்" என்றார்.

"ஆக்ஸன்!"

‘மவுஸ்’ எழுத சாக்பீஸை எடுத்தார்.

"மைஸ்!"

இன்னும் எழுதவே இல்லை.

"அடுத்து ஷீப் சார்," என்று முன் பெஞ்சு இலக்கியா எடுத்துக் கொடுத்தாள். "அது மாறாது சார், அப்புடியேதான்."

பாலகுமாருக்கு வேர்த்துவிட்டது. வேறு வழியில்லாமல் ‘கூஸ்’ என்று சொல்லி, இடுப்பை ஆட்டி வாத்து போல நடந்து காட்டினார். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

"நேத்து வந்த சார் இன்னும் நல்லா நடந்தாரு," என்றாள் இலக்கியா.

ஆக, போட்டிக்கு ஆள் இருக்கிறது. அதுவும் நன்றாக நடக்கிற ஆள். பாலகுமாருக்கு அழுகை முட்டியது.

மணி அடித்ததும் பிரின்சிபால் உள்ளே வந்தார். "உங்க மெத்தட் நல்லாருக்கு சார். எதுக்கும் நாலாம் வகுப்பும் எடுங்களேன், பாத்துட்டுச் சொல்றேன்."

நாலாம் வகுப்பு எடுத்தார். அப்புறம் மூன்றாம் வகுப்பு. சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். பிற்பகலில் டிக்டேஷன் திருத்தினார். நேற்று வந்தவனை எப்படியாவது மிஞ்சிவிட வேண்டும் என்று கேட்காத வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தார். சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டது. "சொல்லி அனுப்புறோம் சார்," என்று பிரின்சிபால் காரில் ஏறிப் போய்விட்டார்.

வகுப்பறையைப் பெருக்க வந்த ஆயா தைலம்மாளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நேத்து வந்தவரத்தான் எடுப்பாங்களா?"

அவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

"யாரையும் எடுக்க மாட்டாங்க சார். இங்கிலீஷ் டீச்சரம்மா பிரசவத்துக்குப் போயிருக்காங்க, அவுங்க திரும்பி வர்ற வரைக்கும் தெனம் ஒருத்தர டெமோவுக்குக் கூப்புடுவாங்க."